தானிய அறையில் பிறந்தவர்

டிக்கெட் இல்லாதவன்தான் என்னைப் பார்த்ததும் முதலில் சிரிப்பான். இருபத்தாறு வருஷமாக ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருக்கிறேன். இது ஒருநாளும் தப்பியதில்லை. டிக்கெட் வைத்திருப்பவன் எரிச்சலோடு பையைத் துழாவுவான். இல்லாதவன் சொந்த அத்தையைப் பார்த்துவிட்டவன் மாதிரி பல்லைக் காட்டுவான். சொந்தத் தம்பியே ஒரு தடவை அப்படிப் பல்லைக் காட்டினான். அபராதம் எழுதிக் கையில் கொடுத்தேன். ஒன்றரை வருஷம் எங்கள் வீட்டுப் பக்கமே அவன் தலைவைத்துப் படுக்கவில்லை.

அப்படிப்பட்ட என்னிடம் மகள் ஒரு போட்டோவை நீட்டினாள்.

"அம்மா, இவரைத்தான் கட்டிக்கப்போறேன். ஞாயித்துக்கிழமை அவர் வீட்லேர்ந்து பேச வர்றாங்க. அதுக்குள்ள சரியா இல்லையான்னு சொல்லிடு."

போட்டோவில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

வேலை என்ன என்று கேட்டேன். தலைவர் பிறந்த வீட்டில் வழிகாட்டியாம். நாட்டில் எல்லாப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலும் படமாக இருக்கிற அதே வீடு. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற என் மகள், கூட வேலை பார்ப்பவர்களோடு அங்கே சுற்றுலா போயிருக்கிறாள். வீட்டைப் பார்த்தாளோ இல்லையோ, விளக்கம் சொன்னவனைப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள்.

என் வீட்டுக்காரர் அவனோடு போனில் பத்து நிமிஷம் பேசிவிட்டு, "பையன் நல்லா பேசறான்" என்றார்.

"அதான் பயமா இருக்கு" என்றேன். ஒரே கதையை ஒரு நாளைக்கு நாலு தடவை, நாலு தடவையும் புதிதாகச் சொல்வது போலச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். வாயை வைத்துப் பிழைப்பவனை எப்படி நம்புவது?

மகள் என் முகத்தைப் படித்துவிட்டாள். "அம்மா, எது வேணும்னாலும் என்கிட்ட கேளு. அவர்கிட்ட நேரா கேளு. ஆனா பின்னாடி போய்த் துருவாதே. நீ வேண்டாம்னா நான் பண்ணிக்கமாட்டேன். அதுக்கப்புறம் வேற யாரையும் எனக்குக் காட்டவும் கூடாது. அவ்வளவுதான்."

அவள் சொன்னால் சொன்னதுதான். என்னைக் கொண்டு பிறந்தவள். நான் தப்பாகத் தலையாட்டினால் அவள் ஒரு பொய்யனோடு காலந்தள்ள வேண்டும். தப்பாகத் தலையசைத்து மறுத்தால் வாழ்நாள் முழுக்க என் எதிரில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போல் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஸ்டேஷன் ஓய்வறையில் அதைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். வெயில் கண்ணாடி ஒன்றை மூக்கில் மாட்டினேன். ரயிலில் போனால் தெரிந்த முகம் ஏதாவது தட்டுப்படும் என்று இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போனேன்.

தலைவர் பிறந்த வீடு, இரண்டு தளம், சின்ன மரப்படிகள், சுற்றிலும் தோட்டம். நூறு வருஷத்துக்கு மேலான வீடு என்று வாசலில் எழுதியிருந்தது. சுவரில் சுண்ணாம்பு போன வாரம் அடித்தது போல இருந்தது. எனக்கு அதிலிருந்தே சந்தேகம் ஆரம்பித்துவிட்டது. டிக்கெட் வாங்கிக்கொண்டு பதினோரு மணிச் சுற்றுக்குப் பதினெட்டுப் பேரோடு நின்றேன்.

அவன் வந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் நாடாவில் தொங்கும் அடையாள அட்டை. போட்டோவில் இருந்ததைவிட ஒல்லி. எல்லோரையும் பார்த்து வணக்கம் சொன்னான். சிரித்தான்.

'சிரி, சிரி' என்று நினைத்துக்கொண்டேன்.

நன்றாகத்தான் பேசினான். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்றெல்லாம் தெரிந்தவன். கீழே இடதுபக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. "இது தானியம் போட்டு வெச்சிருந்த ரூம். சின்ன வயசுல தலைவர் இங்கதான் ஒளிஞ்சு விளையாடுவாராம்" என்றான். அப்புறம் எங்களை மாடிக்கு அழைத்துப் போனான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தொட்டில், நாலு பத்தில் நின்றுபோன ஒரு சுவர்க் கடிகாரம். "இந்த ரூம்லதான், விடிகாலை நாலு பத்துக்கு, தலைவர் பிறந்தார்" என்றான். கூட்டம் அமைதியாகிவிட்டது. எனக்கே ஒரு நிமிஷம் என்னவோ செய்தது. அதற்காகவும் அவன்மேல் கோபம் வந்தது.

ஒரு தடவை பார்த்தால் போதாது. ரயிலில் ஆளை எடைபோட, அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்ப்பேன். முதல் தடவை எல்லோரும் தயாராக இருப்பார்கள். ஆகவே சுற்று முடிந்து எல்லோரும் வெளி வாசல் வழியாகப் போனபோது, நான் தோட்டத்துக் கழிப்பறைப் பக்கம் ஒதுங்கினேன். பன்னிரண்டரைச் சுற்று தொடங்கியதும் அந்தக் கூட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டேன்.

இரண்டாவது டிக்கெட் வாங்கவில்லை. வெளியே போகவே இல்லையே, அப்புறம் எதற்கு இன்னொரு டிக்கெட் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'நான் எறங்கவே இல்லையே மேடம்' என்று சொன்ன எத்தனையோ பேருக்கு நான் அபராதம் எழுதியது அப்போது நினைவுக்கு வரவில்லை. 'ஒரு டிக்கெட்டுக்கு ஒரு சுற்று' என்று தோட்டத்தில் பலகை வைத்திருந்தார்கள். போர்டு போர்டாகப் படிக்கிறவள் நான். அன்றைக்கு அதை மட்டும் படிக்கவில்லை.

இந்தக் கூட்டத்தில் ஒரு வேன் நிறைய வந்த பெரிய குடும்பம். அவர்களோடு இரண்டு கையிலும் ஊன்றுகோல் வைத்த ஒரு பெரியவர். தேய்த்த சட்டை, தலையில் தொப்பி. வந்ததும் வராததுமாக ஒரு ஊன்றுகோலை என் காலில் ஊன்றினார். முறைத்துவிட்டு ஒரு உயரமான ஆளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

வழிகாட்ட இந்தத் தடவையும் அவன்தான் வந்தான், விரலை நீட்டித் தலைகளை எண்ணினான். கையிலிருந்த டிக்கெட் துண்டுகளைப் பார்த்தான். மறுபடி எண்ணினான். துண்டுகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். எதிலோ கோல்மால் செய்கிறான் என்று குறித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் நடந்தது. அந்த ஜன்னல் இல்லாத இடதுபக்க அறைக்கு எங்களைக் கூட்டிப்போனான். ஒரு கணம் நின்றான். அவன் கை கழுத்து அட்டையைப் பிடித்து முன்னும் பின்னுமாகத் திருப்பியது.

"இந்த ரூம்லதான் தலைவர் பிறந்தார். விடிகாலை நாலு பத்து" என்றான். "மாடியில இன்னிக்குப் பராமரிப்பு வேலை நடக்குது. பார்க்க அங்க ஒண்ணும் இல்ல."

நான் வாயைப் பிளந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் தானிய அறை பிரசவ அறையாகிவிட்டது! பராமரிப்பாம். இப்போதுதானே அந்த மாடியிலிருந்து இறங்கினேன்? அதே குரல், அதே இடத்தில் அதே நிறுத்தம். கூட்டம் அதேபோல் அமைதியானது. அந்தப் பெரியவர் தொப்பியைக் கழற்றி, சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பாவம், மூட்டை சாய்த்துவைத்த சுவர்.

அட்டையைத் திருப்பினால் பொய். அதையும் குறித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இதுவே போதும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இவ்வளவு கூசாமல் புளுகுகிறவன் வேலை முடிந்தபின் எங்கே போவான், யாரைப் பார்ப்பான்? அதையும் பார்த்துவிடுவது என்று நின்றேன்.

இரண்டு மணிக்கு வெளியே வந்தவன் டவுன் பஸ் ஏறினான். பின்பக்கமாக நானும் ஏறினேன். டிக்கெட் எடுத்தேன், அதிலாவது என்னைக் குறை சொல்ல முடியாது. இருபது நிமிஷத்தில் ஆற்றங்கரை ஊர் வந்தது. ஆறு அங்கே அகன்று கிடக்கிறது. கடற்கரை போலவே மணல், குடைகள், காற்றடைத்த மிதவை வளையம் விற்கும் கடைகள். மேசை நாற்காலியைத் தண்ணீருக்குள்ளேயே போட்டிருக்கிறார்கள். ஜனங்கள் கணுக்கால் நனைய உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்கள். அக்கரைக்குப் போகும் படகு ஊதிக்கொண்டே இருந்தது.

அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்தான். கரையோரம் இரண்டு நாற்காலி போட்ட ஒரு மேசையில் உட்கார்ந்தான். இரண்டு டீ சொன்னான்.

இரண்டு! எனக்குப் பொறி தட்டியது. வரட்டும், மகராசி யார் என்று பார்த்துவிடலாம். தொப்பிக் கடையில் தொங்கிய தொப்பிகளுக்குள் முகத்தை விட்டுக்கொண்டு காத்திருந்தேன். டீ வந்தது. யாரும் வரவில்லை. கடைக்காரர், "எடுத்துக்கறீங்களா, இல்ல சும்மா மூஞ்சியை வெச்சுப் பார்க்கறீங்களா?" என்றார்.

அவன் திரும்பவே இல்லை. ஆற்றைப் பார்த்தபடியே சத்தமாகச் சொன்னான்: "அம்மா, டீ ஆறிப்போகுது."

எனக்குக் காது வரை சுட்டது. ஓடவா முடியும்? போய் உட்கார்ந்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"எப்பத் தெரியும்?"

"காலையிலேயே. உங்க பொண்ணு உங்க போட்டோ காட்டியிருக்கா. எல்லாரும் வீட்டைப் பார்த்தாங்க. நீங்க மட்டும் என்னையே பார்த்தீங்க." சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"தம்பி, சுத்தி வளைக்காம கேக்கறேன். தலைவர் மாடியில பிறந்தாரா, தானிய ரூம்ல பிறந்தாரா?"

"தெரியாதும்மா. அவரோட அக்கா மாடின்னு எழுதியிருக்காங்க. சித்தப்பா கீழன்னு சொல்லியிருக்கார். ஆபீஸ்ல மாடின்னு முடிவு பண்ணிட்டாங்க."

"அப்போ எதுக்கு ரெண்டாவது தடவை மாத்திச் சொன்னீங்க?"

"அந்த ஊன்றுகோல் வெச்சிருந்தாரே, அவருக்காக. மாடிப்படி பத்தொம்பது. ஒரு தடவை இதே மாதிரி ஒரு அம்மா, மத்தவங்க மேல போயிட்டு வர்ற வரைக்கும் வாசப்படியில உட்கார்ந்திருந்தாங்க. அவ்வளவு தூரம் வந்துட்டு. அதுலேர்ந்து ஏற முடியாதவங்க வந்தா தலைவரைக் கீழ இறக்கிடுவேன்."

பெரியவர் சுவரில் கை வைத்தது கண் முன்னால் வந்தது. நான் அவரை முறைத்ததும் வந்தது. ஆனால் அதற்காக விட்டுவிட முடியுமா? நான் தாய்.

"முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு இவ்வளவு நல்லா பொய் சொல்றீங்க. என் பொண்ணுகிட்ட சொல்ல எவ்வளவு நேரமாகும்?"

அவன் டீயைக் கீழே வைத்தான். "அதுக்கு நான் என்ன சொன்னாலும் நீங்க நம்பமாட்டீங்க" என்றான். அது உண்மை.

அப்போது என் போன் அடித்தது. மகள். அவனைப் பார்த்தேன். வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு எடுத்தேன்.

"எங்கம்மா இருக்கே?"

"எங்க இருப்பேன்? டூட்டியில." படகு ஊதித் தொலைத்தது.

"அது என்ன சத்தம்?"

"இன்ஜின். அப்புறம் பேசறேன், வண்டி கிளம்புது" என்று வைத்துவிட்டேன். நாக்கு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அவன் தண்ணீரில் விளையாடும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, அவன் போன் அடித்தது. திரையில் என் மகளின் முகம்.

அவன் என்னைப் பார்த்தான். நான் அவன் கையைப் பார்த்தேன். இப்போது தெரிந்துவிடும். என்னைக் காப்பாற்ற அவளிடம் பொய் சொன்னால், அப்படியே எழுந்து போய் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொன்னால் என் மானம் கப்பலேறும். எது நடக்க வேண்டும் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

எடுத்தான். அவள் கத்துவது எனக்கே கேட்டது: "அம்மா ஆபீஸுக்குப் போன் பண்ணேன், லீவுன்னு சொல்றாங்க! எங்கிட்ட டூட்டிங்கறா! எனக்குப் பயமா இருக்கு."

அவன் கை டீ கிளாஸிலேயே இருந்தது. "பயப்படாதே. அம்மா என் பக்கத்துலதான் இருக்காங்க. ஆத்தங்கரையில டீ குடிச்சிட்டு இருக்கோம். வீட்டை ரெண்டு தடவை சுத்திப் பார்த்தாங்க."

படுபாவி! ஒளிக்காமல் போட்டுக்கொடுத்துவிட்டான். அவமானத்தில் கழுத்து வேர்த்தது. அதோடு, எங்கோ உள்ளே, நாலு நாளாக இறுகிக்கிடந்த ஒன்று இளகியது.

மறுமுனையில் மகள் சிரிக்க ஆரம்பித்தாள். "துருவாதேன்னு சொன்னேன் இல்ல? சரி, ரெண்டு தடவையா? எங்கம்மாவாச்சே, ரெண்டு டிக்கெட் எடுத்திருப்பா, பாவம்!"

சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னாள். ஆனால் அவன் வாயடைத்துப் போனான். அந்த மௌனத்தில்தான் எனக்குப் புரிந்தது. அவன் எண்ணி எண்ணிப் பார்த்தானே, டிக்கெட் துண்டுகளைவிட ஒரு தலை அதிகமாக இருந்தது. அந்தத் தலை என்னுடையது. தெரிந்தே விட்டிருக்கிறான்.

"அது வந்து..." என்றான். அவன் கை கிளாஸை விட்டு மெல்ல மேலே போனது. கழுத்து அட்டையைப் பிடித்தது. திருப்பப் போனது.

என் மகளிடம் அவன் சொல்லும் முதல் பொய் எனக்காக இருக்க வேண்டாம். மேசைக்கு மேலே எட்டிப் போனைப் பிடுங்கினேன்.

"ஒரு டிக்கெட்தான்டி எடுத்தேன். ரெண்டாவது தடவை வித்தவுட்!"

அவள் மறுபடி சிரிக்கத் தொடங்கினாள்.

"சிரிக்காதே. எனக்கு அபராதம் போட வேண்டிய ஆள் இங்க டீ வாங்கிக் குடுத்துட்டு உட்கார்ந்திருக்கார். வித்தவுட்டைப் பார்த்தும் விட்ட குத்தத்துக்கு மாப்பிள்ளை மேலயும் ஒண்ணு எழுதணும்."

சொன்ன பிறகுதான், என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. எதிரே அவன் அட்டையை விட்டுவிட்டான். சிரிக்கவில்லை, அவசரமாகக் குனிந்து, மேசைக்கடியில் போட்டிருந்த செருப்பைத் தேடினான்.

"அம்மா, இப்ப என்ன சொன்னே?" என்றாள் மகள். "இன்னொரு தடவை சொல்லு."