புதிய தலைவரின் முதல் நாள்

அண்ணன் தலையில் மூன்றாவது குடம் தண்ணீரை ஊற்றும்போதும் கோதண்டத்தின் கண் மதியின் கையிலிருந்த போன் மேலேயே இருந்தது. அது அண்ணனுடைய போன். அதிலிருந்து ஒவ்வொரு எண்ணாக எடுத்து, சொந்தக்காரர்களுக்குச் சாவு எடுக்கும் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள் அவருடைய ஒரே மகள்.

"ஊத்துடா. இன்னாத்துக்கு நின்னுகினு கீற?" என்றார் காத்தவராயன், குப்பத்துப் பஞ்சாயத்தில் மூத்தவர்.

கோதண்டம் ஊற்றினான். அண்ணனின் மூடிய கண்குழியில் தண்ணீர் தேங்கி வழிந்தது.

செங்குட்டுவன் பதினாறு வருஷம் குப்பத்துத் தலைவராக இருந்தவர். அவர் சொல்லாமல் ஒரு படகும் கடலில் இறங்காது. கல்யாணமோ கைகலப்போ, அவர் வார்த்தைதான் முடிவு. ஆண் வாரிசு இல்லாததால் கொள்ளி வைப்பது தம்பியின் பொறுப்பானது. தலைவர் பதவி நேற்றே தம்பி கைக்கு வந்துவிட்டது.

அதை வாங்கிக் கொடுத்தவள் கோதண்டத்தின் மனைவி ராமசெல்வி. "உங்கண்ணன் ராசா, நீ அவுருக்குக் கொட புடிக்கிறவன். கடசி வரைக்கும் இப்டியேதானா?" என்று ஒரு வருஷமாகச் சோறு போடும்போதெல்லாம் புருஷனிடம் கேட்டாள். பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது, குப்பத்து நிலத்தைக் கேட்கும் கம்பெனிக்காரன் நீட்டுகிற காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறார் என்று வீடு வீடாகச் சொன்னவளும் அவள்தான். பொய் என்று கோதண்டத்துக்குத் தெரியும். ஆனாலும் ஆட்கள் தன்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தபோது அது நன்றாகத்தான் இருந்தது.

நேற்றுக் காலை, தலைவரை மாற்றுவது பற்றி ஊர்க்கூட்டம். வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டிருக்கையில் போன் அடித்தது. 'அண்ணன்' என்று திரையில் தெரிந்தது. ராமசெல்வி அவன் கையிலிருந்து அதை வாங்கி ஃபிரிட்ஜ் மேல் கவிழ்த்தாள்.

"எடுத்தா கெஞ்சுவாரு. நீ எளகிடுவ."

திரும்பவும் அடித்தது. மூன்றாம் முறையும் அடித்தது. கை நீட்டினால் எட்டும் தூரம்தான். அவன் நீட்டவில்லை.

கூட்டத்தில் அண்ணனைக் காணோம். பெரியவர் வரட்டும், கூட்டத்தைத் தள்ளிப்போடலாம் என்றார் காத்தவராயன். "வரமாட்டேன்னு எங்கிட்ட சொல்ட்டாரு" என்று கோதண்டம் சொன்னான். அதைச் சொல்லும்படி ராமசெல்வி சொல்லித் தரவில்லை. தானாகவே வாயில் வந்தது. அவன் கழுத்தில் மாலை போட்டார்கள். மீன் ஏலம் முடிந்து பன்னிரண்டு மணிக்குக் காசிமேட்டிலிருந்து திரும்பிய அண்ணி பூவம்மா, சமையலறைத் தரையில் புருஷனைப் பார்த்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

குளிப்பாட்டி முடித்ததும் ராமசெல்வி அவனைச் சந்துப் பக்கம் இழுத்தாள்.

"அந்த போனை வாங்கிடு. மதி நோண்டினே கீறா."

"எடுத்திருந்தா ஆஸ்பத்திரிக்காவது..."

"நீ இன்னா டாக்டரா? சும்மாரு. போய் வாங்கு." அவன் முழங்கையைப் பிடித்து மதி இருந்த பக்கம் தள்ளிவிட்டாள்.

அவன் மதியிடம் போனான். "குடும்மா. மிச்சப் பேருக்கு நான் சொல்றேன்."

மதி நிமிர்ந்தாள். "சித்தப்பா, நேத்து காலைல அப்பா ஒனக்கு மூணு வாட்டி அடிச்சிருக்காரு."

பாடைக்குப் பூ கட்டிக்கொண்டிருந்த காத்தவராயன் திரும்பினார். "ஆமாம்மா. வரலன்னு சொல்றதுக்கு. கோதண்டம் சொன்னானே."

"பேசவே இல்ல தாத்தா. மூணுமே மிஸ்டு கால்."

கோதண்டம் போனுக்காகக் கையை நீட்டினான். அதற்குள் ராமசெல்வி ஓடிவந்து மதியைக் கட்டிக்கொண்டாள். "போன் சார்ஜுல கெடந்துச்சு கண்ணு, காதுல வுழல. கூட்டத்துக்கு வரலன்னு ஒங்கப்பா மொத நாளே நேர்ல சொல்ட்டாரு" என்று ஓங்கி அழுதாள்.

மதி அவள் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானும் அம்மாகிட்ட அதான் சொன்னேன் சித்தி. கேட்டிருந்தா சித்தப்பா சட்டைகூடப் போடாம ஓடியாந்திருப்பாருன்னு."

சொல்லிவிட்டுப் போனை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அது சூடாக இருந்தது.

காத்தவராயன் கோதண்டத்தின் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "தூக்குங்கப்பா, நேரமாவுது" என்றார்.

பறை முழங்கக் கடலோரமாகப் போனார்கள். கொள்ளிச்சட்டியோடு கோதண்டம் முன்னால் நடந்தான். பாதி வழியில் பறை ஓய்ந்த நேரம், மடியிலிருந்த அண்ணனின் போன் அடிக்க ஆரம்பித்தது. யாரோ துக்கம் கேட்கிறார்கள். இரண்டு கையிலும் சட்டி. அது அடித்து அடித்துத் தானே நின்றது.

எரியூட்டித் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. ராமசெல்வி பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். அவன் வருவதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். பந்தலில் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் நுழைந்ததும் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாரும் எழுந்தார்கள். தலைவர் வந்தால் அப்படித்தான். அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள்.

காத்தவராயன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறந்ததிலிருந்து அவனை டேய் என்றே கூப்பிட்டவர்.

"உக்காருங்க தலைவரே" என்றார்.

கோதண்டம் நாற்காலியைப் பார்த்தபடி நின்றான். கையிலிருந்த டீயில் ஆடை கட்டத் தொடங்கியது. பந்தலில் யாரும் உட்காரவில்லை.