புதுச்சத்திரத்தில் ஒருமனதாக

உலக ஜனநாயக வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கும் பெரியோர்கள் பேனாவைச் சற்று நிறுத்தி வைப்பார்களாக! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு ஆவணியில், சேலம் ஜில்லா புதுச்சத்திரத்துப் பெருமக்கள் தங்கள் கதர்க் கட்சித் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள்.

அதுவரை அங்கே கட்சி என்றால் கருப்பண்ணன்தான். கள்ளுக்கடை மறியலில் அடிபட்டு, ஜெயிலில் களி தின்றுவிட்டு வந்த குத்தகைக்காரன். அடித்தவர்கள் ஊர் நிலமெல்லாம் கையில் வைத்திருந்த மிட்டாதார் நாச்சிமுத்துவின் ஆட்கள். மிட்டாதார் அப்போது சர்க்கார் பக்கத்துக் கட்சி. தேர்தல் நெருங்கவே காற்று திரும்பியதை மோப்பம் பிடித்தார். பட்டுத் தலைப்பாகை பெட்டிக்குள் போயிற்று. கதர் வெளியே வந்தது. பண்ணையாட்கள் அனைவருக்கும் சந்தா கட்டி, ஒரே காலையில் தேசபக்தர்களாக்கினார்.

கருப்பண்ணன் உழுவதும் மிட்டாதார் காடுதான்.

"கூட்டத்துல பேசாம இருந்துட்டு வாங்க," என்றாள் மனைவி ஆராயி. "சோளம் இன்னும் அறுக்கலீங்க. எதுத்தீங்கன்னா காடு போயிரும்."

"கட்சி போயிருமே, புள்ள."

"கட்சியக் களி கிண்டித் திங்க முடியுங்களா?"

கூட்டம் கோயில் வேப்பமரத்தடியில். மிட்டாதார் நாற்காலியில். சேலத்திலிருந்து வந்த வக்கீல் மக்களாட்சியைப் பற்றி முழங்கிவிட்டு, "மிட்டாதாரைத் தலைவராக ஏற்பவர்கள் கை தூக்கலாம்" என்றார்.

ஒரு கையும் எழவில்லை.

ஊர் விழித்துக்கொண்டதென்று கருப்பண்ணனுக்கு உடம்பு சிலிர்த்தது. வக்கீலுக்கு வியர்த்தது. பண்ணைக் காரியக்காரன் சென்னியப்பன் அவர் காதருகே குனிந்தான்.

"தப்பா நெனைக்காதீங்க. பண்ணாடி முன்னால கையக் கட்டித்தான் நிப்பானுங்க. தூக்குனா மரியாதைங்களா?"

அத்தனை பேரும் மார்பில் கைகட்டித்தான் நின்றார்கள். வக்கீல் சட்டம் படித்தவர்.

"சரி, எதிர்ப்பவர்கள் மட்டும் தூக்குங்கள்!"

கருப்பண்ணனின் கை எழுந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. மறியலில் அவன் தோளை உடைத்த தங்கசாமி, இப்போது கதர்க் குல்லாயுடன், ஓசைப்படாமல் அவன் பின்னால் வந்து நின்றான்.

மிட்டாதார் அன்பொழுகச் சிரித்தார். "கருப்பண்ணா, கை வலிக்கப் போவுது. எறக்கிரு சாமி."

கை இறங்கவில்லை. வக்கீல் அந்தப் பக்கமே பாராமல், "ஒருமனதாக நிறைவேறியது" என்றார். ஜே கோஷம் நாமக்கல்வரை கேட்டிருக்கும்.

மறுநாள் கருப்பண்ணன் உழுத காட்டில் தங்கசாமி சோளம் அறுத்தான்.