நிறுத்திவைத்த நாலு மெயில்

மெயில் குழுவில் இந்துவுக்கு நல்ல பேர். மில் மிஷின்களின் எலக்ட்ரானிக் பழுதுகளைப் பார்க்கிற ஆயிரத்து நானூறு பேர் அதில் இருந்தார்கள். வாட்ஸ்அப் காலத்தில் மெயிலா என்று இளக்காரம் பேசுகிறவர்களுக்கு அவளிடம் பதில் உண்டு. பத்து வருஷத்துக்கு முந்தின பழுதையும் அதில் தேடி எடுத்துவிடலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாக ஒரு சர்வீஸ் கடை, பாதி நாள் பஸ் ஏறி ராஜபாளையம் மில்களுக்கு ஓட்டம். அதற்கு நடுவே குழுவின் மாடரேட்டர் வேலையையும் சம்பளமில்லாமல் பார்த்தாள். ஆண்கள் மல்லுக்கு நின்றால் ஒரே வரியில் அடக்கிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் அடக்கினாள். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மிஷினில், கதவு திறந்தால் ஓட்டத்தை நிறுத்துகிற சென்சார் தகராறு செய்கிறது, கதவு மூடியிருந்தும் மிஷின் நின்றுவிடுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். கோயம்புத்தூர் கௌதம்ராஜ், "சென்சாரைக் கழற்றிவிட்டு ஒரு வயரைக் கொடுத்து ஓட்டுங்கள்" என்று எழுதினார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் முத்துப்பாண்டி பாய்ந்துவிட்டார். "சோத்தத் திங்கியா, வேற எதையும் திங்கியா? கதவு தெறந்தபடி ஓடுனா உள்ள போறது உன் கையா? கூலிக்காரன் கைதான!"

சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சொன்ன விதம்தான் தெருச்சண்டை. இனிமேல் முத்துப்பாண்டி எது அனுப்பினாலும் தன் அனுமதி இல்லாமல் குழுவுக்குப் போகாதபடி இந்து நிறுத்திவைத்தாள். பிறகு எல்லோரும் பார்க்க எழுதினாள்: "நாளை மாலை ஆறு மணிக்குள் முத்துப்பாண்டி இங்கே மன்னிப்புக் கேட்க வேண்டும்."

ஆறு மணி வந்தது, போனது. மன்னிப்பு வரவில்லை. ஆளாளுக்கு ஏறி மிதித்தார்கள். திமிர் பிடித்தவன் என்றார் ஒருவர். இவனை வேலைக்கு வைத்திருக்கிற கம்பெனியைச் சொல்லணும் என்றார் இன்னொருவர். வியாழக்கிழமை இந்துவும் தன் பங்குக்கு ஒன்று போட்டாள்: "சிலருடைய மௌனமே அவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறது." நல்ல வரி என்று பத்துப் பேர் மெச்சினார்கள்.

நிறுத்திவைத்த மெயில்களின் பட்டியலை அவள் வாரத்துக்கு ஒருமுறைதான் திறப்பாள். லாட்டரி விழுந்திருக்கிறது, லோன் தருகிறோம் என்று குப்பைதான் சேர்ந்திருக்கும். ஒரே அமுக்கில் அழித்துவிடுவாள். சனிக்கிழமை காலை கடையைத் திறந்து, அழிப்பதற்காக விரலைக் கொண்டுபோனபோது முத்துப்பாண்டியின் பெயர் கண்ணில் பட்டது. அவர் பெயருக்குக் கீழே நாலு மெயில்.

முதலாவதைத் திறந்தாள். அவள் கெடு வைத்த இருபதாவது நிமிஷம் அனுப்பியது. "கௌதம்ராஜ் சார், பேசுனது தப்பு. மன்னிச்சிருங்க. ஆனா வயரு மட்டும் குடுக்கச் சொல்லாதீங்க." இரண்டாவதும் மூன்றாவதும் அதே வார்த்தைகள். வரவில்லையோ என்று திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறார்.

இந்துவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஒரு மனுஷனின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, பேசு பேசு என்று ஊரைக் கூட்டி அதட்டியிருக்கிறாள்!

அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பும் வந்தது. வந்ததற்காக இன்னும் கூசினாள். சே, நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று உட்கார்ந்து குழுவுக்கு எழுதத் தொடங்கினாள். தவறு முழுக்க என்னுடையது, அவர் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிட்டார், மௌனமாக இருந்தவர் அவரில்லை, கவனிக்காமல் இருந்தவள் நான். மூன்று தடவை திருத்தி எழுதினாள். நன்றாகவே வந்திருந்தது. அதை அனுப்பிவிட்டு, முத்துப்பாண்டியின் பெயருக்கு நேரே 'எல்லாவற்றையும் அனுமதி' என்பதை அமுக்கினாள். நாலும் ஆயிரத்து நானூறு பேருக்குப் போயின.

ஐந்தே நிமிஷத்தில் பதில்கள் வந்தன. "தப்பை ஒத்துக்கொள்ளவும் ஒரு துணிச்சல் வேண்டும் மேடம்." "நீங்கள்தான் எங்களுக்கு முன்மாதிரி." கண் கலங்கப் படித்தாள். அடுத்தது கௌதம்ராஜிடமிருந்து. "மேடம், நாலாவது மெயிலைப் படித்தீர்களா?"

படிக்கவில்லை. அதுவும் அதே மன்னிப்புதான் என்று நினைத்துவிட்டாள். இப்போது திறந்தாள். புதன்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு வந்தது.

"மேடம், என் மெயிலு உங்க அனுமதிக்கு நிக்கிதுன்னு பதில் வருது. அப்ப இத நீங்க மட்டுந்தான் பாப்பீங்க. அந்தத் தைரியத்துல சொல்லுதேன். நாலு மாசம் முன்ன எங்க கார்டிங்ல பாண்டீஸ்வரிங்கிற பிள்ளைக்கு ரெண்டு வெரலு போயிருச்சு. சென்சாருக்கு வயரு குடுத்து ஓட்டுனது நாந்தான். அது இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அதான் எனக்கு அம்புட்டுக் கோவம் வந்துட்டு. அந்தாளு மேல இல்ல மேடம்."

போன மெயிலைத் திரும்ப வாங்க வழி கிடையாது. அது அவளைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. இருந்தும் பைத்தியக்காரி மாதிரி வழி தேடிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. முத்துப்பாண்டி.

"மேடம், வேலையில இருக்கேன்." குரலில் கோபமே இல்லை. "எங்க சூப்பர்வைசரும் குழுவுல உண்டு. ஆபீசுக்கு வரச்சொல்லி ஆள் விட்டுருக்காரு. அந்தப் பிள்ளையோட அண்ணனும் இங்கனதான் வேலை பாக்கான். போறதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். நாலாவத நீங்க படிச்சிட்டுத்தான அனுப்புனீங்க?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று இந்து ஒரு கணம் தடுமாறினாள்.

"இல்லண்ணே," என்றாள். "படிக்கல."

அந்தப் பக்கம் மிஷின் இரைச்சலுக்கு நடுவே யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது.

"படிச்சிட்டு, இவனுக்கு வேணும்னு அனுப்பிருந்தாக்கூட மனசு ஆறிருக்கும் மேடம்," என்றார் முத்துப்பாண்டி.