தாய்மாமன் மடியும் உத்தரத்துச் சொந்தங்களும்

எங்கள் ஊரில் உடம்பைப் பற்றிய பொய்யை நம்புகிறவர்கள் தரையை விட்டு எழும்பிவிடுவார்கள். சின்னப் பொய்யென்றால் ஒரு சாண் உயரம். பெரிய பொய்யென்றால் உத்தரம் வரை. அதனால் இங்கே யாரும் மொட்டைமாடியில் நின்று வைத்தியம் பேசுவதில்லை. காய்ச்சல் பரவும் மாதங்களில் மட்டும் கரண்ட் கம்பிகளுக்குப் பக்கத்தில் ஆள் போட்டுக் காவல் காப்பார்கள்.

மேலே போனவர்களுக்குத் தாங்கள் மேலே இருப்பது தெரியாது. தரையில் நிற்பவர்கள்தான் பள்ளத்தில் கிடப்பதாக அவர்களுக்குத் தோன்றும். ஒருவரையொருவர் பாவமாகப் பார்த்துக்கொண்டே எங்கள் தெருவில் காலம் தள்ளுகிறோம்.

ரத்ததான முகாமுக்குப் போன இடத்தில் எனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. விஷயம் குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போன சாயங்காலமே நானும் மேலே கிளம்பிவிட்டேன். ஈரல் சீக்கிரமே கரைந்துவிடும் என்று ஒருவர் எழுதினார். முழங்கால் உயரம். ஒரு வேரை அரைத்துக் குடித்தால் கிருமி மூன்றே நாளில் ஓடிவிடும் என்று ஒரு வீடியோ வந்தது. வேரை விற்பவரே அதில் பேசினார். நம்பினேன். மின்விசிறிக்குப் பக்கத்தில் போய்க் கூரையில் முட்டினேன். வீட்டின் தரை இறங்கிவிட்டதாக நினைத்து, வீட்டுக்காரரிடம் போனில் சண்டை போட்டேன்.

முகாமில் கொடுத்த சீட்டில் கல்லீரல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருந்ததால் மறுநாள் போனேன். ஆட்டோக்காரர் என்னைக் கயிற்றில் கட்டி, வண்டிக்கு மேலே பறக்கவிட்டு ஓட்டினார். காற்று நன்றாக இருந்தது.

டாக்டர் ஷெர்லின் அண்ணாந்து பார்த்தபடியே பேசினார். "இது ரத்தம் மூலமா பரவும், உடலுறவு மூலமா பரவும், பிரசவத்துல தாய்கிட்ட இருந்து பிள்ளைக்கு வரும். சேர்ந்து சாப்பிட்டா வராது, கட்டிப்பிடிச்சா வராது. உங்க பிளேடையும் பிரஷ்ஷையும் யாருக்கும் குடுக்காதீங்க. குடி வேண்டாம். என்கிட்ட கேக்காம வேரு, லேகியம்னு எதையும் குடிக்காதீங்க, சிலது ஈரலையே கெடுத்துரும். ஒழுங்கா பரிசோதனைக்கு வந்துக்கிட்டே இருந்தா நல்லபடியா வாழலாம். யார் எதைச் சொன்னாலும், அது அவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க. நான் சொன்னாலும் கேளுங்க."

"எனக்கு மாத்திரை உண்டா டாக்டர்?"

"இப்ப தெரியாது. டெஸ்ட் எல்லாம் வரட்டும், பார்த்துட்டுச் சொல்றேன்."

அந்தத் 'தெரியாது'வில்தான் என் கால் தரையைத் தொட்டது. அதுவரை யாருமே என்னிடம் தெரியாது என்று சொன்னதில்லை. சந்தோஷத்தில் அங்கேயே குதித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கீழே வந்தேன்.

அந்த மாதம் என் தங்கை வடிவின் மகள் மகிழினிக்குக் காதுகுத்து. எங்கள் பக்கம் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ளும். வடிவுக்கு அண்ணன் என்று இருப்பது நான் ஒருவன்தான். பிள்ளை பிறந்ததிலிருந்து இந்த மடியைத் தயாராக வைத்திருந்தேன்.

கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் உத்தரத்தில் இருந்தார்கள். பட்டுச்சேலை முந்தானைகள் தொங்கிக்கொண்டிருந்தன. வடிவின் கணவர் இசக்கி, கிணற்றில் இறங்குகிறவர் போலத் தூணைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் வந்தார்.

"மச்சான், தப்பா நினைச்சிக்கிடாதீய. பிள்ளை ஒங்க மடியில இருந்தா நோய் ஒட்டிக்கிடுமாம். வேற ஏற்பாடு பண்ணிட்டோம்."

வேறு ஏற்பாடு மணைப்பலகையில் உட்கார்ந்திருந்தது. ஒரு மூட்டை பொன்னி அரிசி. வேட்டி கட்டி, சந்தனம் பூசி, எனக்கென்று வாங்கிய மாலையைப் போட்டிருந்தார்கள். மகிழினி அதன்மேல் உட்கார்ந்து, மூட்டையின் வாயைத் தைத்திருந்த சணலைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளும் அரிசியும் எதையும் நம்பாததால் தரையில் இருந்தார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அரிசி மூட்டையிடம் தோற்பது லேசான காரியமில்லை.

காது குத்துகிறவர் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். காலையிலிருந்து பல பிள்ளைகளுக்குக் குத்திய அதே ஊசி கையில் இருந்தது. "மஞ்சத்தண்ணியில துடைச்சாச்சு, ஒண்ணும் செய்யாது" என்றார். சொன்ன வேகத்தில் மறுபடி மேலே போய்விட்டார். கயிறு மட்டும் ஆடியது.

"வடிவு, என் மடியைப் பாத்துப் பயப்படுதியே, அந்த ஊசியைப் பாத்துப் பயப்படு. ரத்தத்துலதான் இது பரவும்" என்றேன்.

"பள்ளத்துல நின்னுக்கிட்டு எனக்குப் புத்தி சொல்லாதேண்ணே."

"சரி. மகிழினி பிறந்த அன்னைக்கே தொடையில ஒரு ஊசி போட்டாங்களே, அது எதுக்கு?"

"காமாலை வராம இருக்கதுக்கு. பொறவும் எல்லாத் தவணைக்கும் நான்லா தூக்கிட்டுப் போனேன்."

"எந்தக் காமாலை?"

வடிவு யோசித்தாள். யோசிக்க யோசிக்க இறங்கினாள். "ஹெபடைடிஸ் பி" என்று அவள் வாயாலேயே சொன்னபோது கொலுசு தரையில் பட்டது.

"அப்போ இவ ஒன் மடியில உக்காந்தா என்னண்ணே ஆகும்?"

"மடி நனையும்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே இரண்டு ஊசிகளின் கதையையும் மேலே இருந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னாள். ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். இசக்கி பூக்கூடைக்குள் விழுந்து, அதற்குள் இருந்தபடியே "மன்னிச்சிருங்க மச்சான்" என்றார். பிறகு மருந்துக்கடைக்கு ஓடிப்போய், பிரிக்காத புது ஊசிப் பொட்டலத்தோடு வந்தார். காது குத்துகிறவருக்கு அதை எறிந்தார்கள். அவர் பழைய ஊசியைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் கீழே வந்தார்.

மூட்டையின் மாலையைக் கழற்றி வடிவு என் கழுத்தில் போட்டாள். மகிழினி என் மடிக்கு வந்தாள். இரண்டு காதும் ஆயிற்று. அவள் அழுதாள், நானும் அழுதேன், மடி நனைந்தது, அப்படியே தூங்கிப்போனாள். இப்படிச் சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

இத்தனை பேர் ஒரே நேரத்தில் தரையில் கால் வைத்து அந்த மண்டபத்துக்குப் பழக்கமில்லை. பந்தி தொடங்கியதும் அது ஓர் அடி மண்ணுக்குள் இறங்கியது. வடிவு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்துக் கடித்தாள். மண்டபம் இன்னும் ஓர் ஆள் உயரம் இறங்கியது. பாயசம் பரிமாறுகிறவர் ஜன்னல் வழியாக ஏணியை விட்டு, வாளியோடு உள்ளே இறங்கி வந்தார். மடியில் பிள்ளை தூங்கியதால் நான் எழுந்திருக்கவில்லை. டம்ளரை மட்டும் நீட்டினேன்.