ஏழு இல்லைகள்

சக்கேஸ் ஊரில் டீத்தண்ணீர் கொதிக்கவைக்கும் சமோவார்களைப் பழுதுபார்க்கும் உஸ்மானைப் போல மறுப்புச் சொல்ல ஆள் கிடையாது. எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்பது அங்கே மரியாதை. மூன்றாம் தடவை கேட்பார்கள், வாங்கிக்கொள்ளலாம். இரண்டைத் தாண்டி மறுத்தால் அது முடிவு. உஸ்மானுக்கோ இரண்டோடு நிறுத்தத் தெரியாது. ஒருமுறை சோற்றை அவன் மறுத்த வேகத்தில், வாசலில் படுத்திருந்த நாய் தன்னைத்தான் சொல்கிறான் என்று எழுந்துபோய்விட்டது. இப்போது பானே ஊரில் இருப்பதாகக் கேள்வி.

முப்பது வருடத்துக்கு முன்னால் சேணம் தைக்கும் மீர்சா அவனை வீட்டுக்கு அழைத்தார். அவர் மகள் கலாவேஜ் மேல் உஸ்மானுக்கு உயிர்.

"எம் பொண்ணை உனக்குக் குடுக்கலாம்னு இருக்கேன்டா. என்ன சொல்றே?"

இவ்வளவு பெரிய பாக்கியத்துக்கு வெறும் இரண்டு 'இல்லை' போதுமா? சந்தோஷத்தில் அவனுக்குக் கணக்கு தவறியது.

"ஐயோ, இல்ல மாமா. எனக்கு அந்தத் தகுதி இல்ல. இன்னிக்கும் இல்ல, என்னிக்கும் இல்ல. துளிகூட இல்ல. எங்க வம்சத்துலயே எவனுக்கும் இல்ல. சத்தியமா இல்ல!"

மீர்சா மறுபடி கேட்கவில்லை. அடுத்த மாதமே கலாவேஜ் சனந்தஜ் நகருக்குப் போய்விட்டாள், ஒரு மாவுமில்காரன் மனைவியாக. உஸ்மான் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.

போன வாரம் கடை வாசலில் ஒரு கார் நின்றது. ஒழுகும் சமோவாரோடு இறங்கினாள் கலாவேஜ். கணவன் இறந்து இரண்டு வருடம் ஆகிறதாம்.

அவன் ஈயத்தை உருக்கி ஓட்டையை அடைப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்குக் கதவுக்குப் பின்னாடி டீத்தட்டோட நின்னேன் உஸ்மானண்ணா. ரெண்டாவது இல்லைக்குச் சிரிச்சேன். நாலாவதுக்குத் தட்டைக் கீழ வச்சேன். ஏழாவதுக்கு உங்க டீயையும் நானே குடிச்சிட்டேன்."

உருகிய ஈயம் சமோவாரை விட்டு அவன் செருப்பில் சொட்டியது.

"நானும் மகனும் நாளைக்கு ஊருக்குக் கிளம்புறோம். இன்னிக்கு மத்தியானம் எங்களோட ஒரு வாய் சாப்பிட வாங்களேன்."

சரி என்ற சொல் தொண்டைவரை வந்தது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே சரி சொல்ல அந்த ஊர்க்காரன் எவனுக்கு வாய் வரும்? இம்முறை எண்ணி, ஒன்றே ஒன்று சொன்னான்.

"எதுக்கும்மா சிரமம், வேண்டாம்."

அவள் மறுபடி கேட்பாள் என்று காத்திருந்தான்.

"எண்ணுறதை நான் விட்டு ரொம்ப நாளாச்சுண்ணா" என்றாள் கலாவேஜ். சமோவாரை வாங்கிக்கொண்டு காரில் ஏறினாள்.

இரண்டாவது 'வேண்டாம்' இன்னும் அவன் நாக்கிலேயே இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.