கடல் பார்த்த சுவர்

மேவிஸ் வீட்டுச் சுவர் மூன்றாம் முறையாகப் பறந்துபோனது ஈஸ்டர் முடிந்த வாரத்தில். சுவர் என்றால் முழுச் சுவர் இல்லை, அதன்மேல் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் பட்டைகள். நியூஃபவுண்ட்லாந்தின் மேற்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் அந்தக் குடாவில் காற்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. பட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, கடற்காகக் கூட்டம் மாதிரி எழும்பி, பக்கத்து வீட்டு ஹூபர்ட்டின் முற்றத்தில் போய் இறங்கின. அதில் ஒன்று அவருடைய வண்டியின் முன்கண்ணாடியைப் பிளந்துவிட்டது.

காற்று அடங்கியதும் ஹூபர்ட் ஒரு பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“இந்தாம்மா, உன் வீடு. இப்படியே கொஞ்சம் கொஞ்சமா அனுப்பிக்கிட்டிரு. ஒருநாள் முழுசா எங்கிட்ட வந்து சேர்ந்துடும்.”

மேவிஸ் சிரிக்கவில்லை. பட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஆணி அடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது. சுவரைப் போய்ப் பார்த்தால், ஆணிகள் உள்ளே இருந்த கனத்த சட்டங்களில் இறங்கவே இல்லை, நடுவிலிருந்த மெல்லிய பலகையோடு நின்றுவிட்டன. பிறகு காற்று ஏன் உரிக்காது?

வேலைக்கு ஆள் தேடினாள். அடுத்த கோடைவரை ஒருவருக்கும் ஒழிவில்லை. கணவன் கிளாரன்ஸ் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவன், ஏணியில் கால் வைக்கக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த வருடத்து நண்டுப் பருவம் முடிந்து, அவள் வேலை பார்த்த நண்டு ஆலையை மூடிய அன்று, மேவிஸ் ரப்பர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அறிவித்தாள்.

“நானே அடிக்கிறேன். பிளாஸ்டிக் வேண்டாம். மரப்பலகை.”

“நீயா? நாற்காலி மேல ஏறி பல்பு மாட்டுறதுக்கே மாதாவைக் கூப்பிடுவியே!”

“கூப்பிட்டுக்கிட்டே ஏறுறேன். நீ கீழ உக்காந்து அறு. என்னை இல்லய்யா, பலகையை.”

அப்படித்தான் தொடங்கியது. கிளாரன்ஸ் முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பலகைகளை அறுத்தான். முன்பக்கம், பின்பக்கம், அறுத்த முனை என்று ஓரிடம் விடாமல் சாயம் ஏற்றினான். அவள் சாரத்தில் ஏறி, சட்டம் எங்கே ஓடுகிறது என்று தட்டிப் பார்த்துக் குறி போட்டு, துருவேறாத நீள ஆணிகளை அதில் இறக்கினாள். கீழிருந்து மேலாக, ஒரு பலகையின் காலை இன்னொன்று மூடும்படி. முதல் நாள் கீழே பார்க்காமலிருக்க ஆணியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகப்போக, பயம் போகாவிட்டாலும் பழகிவிட்டது.

சமையலறை ஜன்னல் உயரத்துக்கு வந்தபோது கோளாறு தெரிந்தது. ஜன்னல் மூலையில், ஈரம் புகாமலிருக்கச் சுவரில் ஒட்டியிருந்த பழைய தாள் கறுத்திருந்தது. கிழித்துவிட்டுத் திருப்புளியால் குத்தினாள். கேக்கில் இறங்குவதுபோல இறங்கியது. உள்ளே சட்டம் உளுத்து, அந்த ஈரம் கீழே, அவள் ஏற்கெனவே மூடிவிட்ட வரிசைகளுக்குப் பின்னாலும் ஓடியிருந்தது.

கிளாரன்ஸ் கழுத்தை நீட்டிப் பார்த்தான். “மேல ரெண்டு பலகை போட்டு மூடிடு, மேவிஸு. யாருக்குத் தெரியப்போகுது?”

“காத்துக்குத் தெரியும்.”

“ஒரு வார வேலையைப் பிரிக்கணுமே…”

“பிரிக்கணும்தான். சும்மா இரு.”

சாரத்தில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். ஒரு பலகை ஒன்றுபோல உட்கார எத்தனை முறை ரசமட்டம் வைத்துப் பார்த்திருப்பாள்! பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கடப்பாரையை எடுத்தாள். ஆணி ஆணியாகப் பிடுங்கி, வரிசை வரிசையாகக் கழற்றி, பிளக்காத பலகைகளைத் தனியே அடுக்கினாள். அதற்குள் கிளாரன்ஸ் புதுச் சட்டம் இழைத்து வைத்திருந்தான். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவனிடம் கிடையாது. ஆனால் அந்தச் சட்டம் ஒரு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. ஜன்னல் தலையில் தண்ணீர் வழியத் தகடு வைத்து, புதுத் தாளைக் கீழிருந்து சுற்றிக்கொண்டு வந்து, மறுபடி முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தார்கள்.

அதனால் போன நாட்களுக்குத் தண்டம் அக்டோபரில் வந்தது. தெற்கே கிளம்பிய புயல் மறுநாள் கரை ஏறும் என்று வானொலி சொன்னபோது, கூரை விளிம்பில், இறவாணத்துக்கு அடியில் மூன்று வரிசை பாக்கி. மத்தியானமே கடல் வெளுத்துவிட்டது. மேவிஸ் தூக்கிய பலகையைக் காற்று பாய்மரம் மாதிரி வாங்கி, அவளையும் சேர்த்துத் திருப்பியது.

வேலிக்கு அப்பாலிருந்து ஹூபர்ட் கத்தினார். “இறங்கு! பைத்தியமா உனக்கு?”

“மேல வாய் பொளந்து கிடக்கு, ஹூபர்ட் அண்ணே! காத்து அது வழியா புகுந்தா மொத்தத்தையும் உரிச்சிடும்!”

“உரிச்சா உரிக்கட்டும். விழுந்தா உன்னை எவன் தூக்குறது? உன் வீட்டுக்காரனா?”

“நீங்கதான் தூக்கணும். அதுக்குப் பதிலா இப்பவே வந்து ஒரு முனையைப் பிடிங்களேன்!”

ஹூபர்ட் வாயில் வந்ததையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வேலியைத் தாண்டி வந்தார். வரும்போது ஒரு கயிறும் கொண்டுவந்து அவள் இடுப்பைச் சாரத்தோடு கட்டினார். அவர் முனையை அழுத்த, அவள் அடித்தாள். ஒருமுறை சுத்தியல் தவறி அவர் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. அவர் போட்ட சத்தத்தில், கீழே நின்ற கிளாரன்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசிப் பலகை இறவாணத்துக்குள் இறுக்கமாகச் செருகி நின்றபோது மழை பக்கவாட்டில் அறைந்துகொண்டிருந்தது. அதோடும் விடவில்லை. சாரம் பறந்தால் அதுவே சுவரை உடைத்துவிடும் என்று மூவருமாக அதைப் பிரித்து, கட்டி, மேலே கல் ஏற்றினார்கள்.

மறுநாள் பகல் முழுக்க அடித்தது. ஊரில் பாதிப்பேர் பாதுகாப்புக்கு மாதா கோயில் கூடத்துக்குப் போய்விட்டார்கள். மேவிஸ் போகவில்லை. சமையலறையில் அந்தச் சுவரின் உட்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். முன்பெல்லாம் காற்றடித்தால் சுவர் கடகடவென்று பல்லைக் கடிக்கும். இப்போது ஒரு தாழ்ந்த முனகல் மட்டும்தான் கையில் உறைத்தது. கிளாரன்ஸும் வந்து பக்கத்தில் கை வைத்தான். வெளியே விறகுக் கொட்டகையின் கூரை பிய்ந்து போகும் சத்தம் கேட்டது.

“கொட்டகை போச்சு,” என்றான்.

“அது நான் கட்டினதில்ல,” என்றாள் மேவிஸ்.

காற்று தணிந்ததும் வெளியே வந்து பார்த்தார்கள். ஒரு வரிசைகூட அசையவில்லை. எங்கிருந்தோ பறந்துவந்த மரக்கட்டை மோதி, மூலையில் ஒரே ஒரு பலகை மட்டும் நீளவாக்கில் பிளந்திருந்தது. மேவிஸ் அந்தப் பிளவில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு ஏணியை எடுக்கப் போனாள்.

“டீயாவது குடிச்சிட்டு ஏறேன். நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“நாளைக்குள்ள தண்ணி உள்ள இறங்கிடும். டீயை மேல குடு.”

கிளாரன்ஸ் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு, மீந்த பலகைகளில் நேரான ஒன்றைத் தேடத் தொடங்கினான்.