வெயிலில் காயவைத்த லென்ஸ்

கேமரா கம்பெனிக்காரன் கேமராவின் வாயையே மாற்றிவிட்டான் என்ற செய்தி, ஸ்டுடியோக்காரர் வீட்டுக்கு மைத்துனன் மூலமாகத்தான் வந்து சேர்ந்தது. அவன் செல்போன் கடையில் வேலை பார்ப்பவன். நல்ல சேதி எதையும் அவன் கொண்டுவந்ததாக அந்த வீட்டுச் சரித்திரத்தில் இல்லை. சாப்பிட உட்கார்ந்தவன், ஒரு கையால் போனைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

"மாமா, இனிமே வர்ற கேமராவுல மவுண்ட் வேறயாம். உங்க லென்ஸ் ஒண்ணுகூட மாட்டாதாம். பேசாம எல்லாத்தையும் எடைக்குப் போட்டுருங்க."

ஸ்டுடியோக்காரர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டார். மைத்துனன் சொன்னதற்காக அல்ல. அவன் வாய்க்கு அவர் என்றைக்குப் பயந்தார்? பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்த மனைவி அதைக் கேட்டுவிட்டாளே, அதற்காக.

காரணம் இருக்கிறது. தெருவில் அவருக்கு 'சிரிக்காதீங்க' என்று பட்டப்பெயர். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்து உட்காருகிற எல்லோரிடமும் அவர் சொல்லும் முதல் வார்த்தை அது. வீட்டிலோ அவர் அடிக்கடி சொல்லும் வசனம் வேறு. கல்யாணமான நாளிலிருந்து புதிதாக ஒரு லென்ஸ் வாங்கி வரும்போதெல்லாம், பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, அதே வசனத்தை அதே ராகத்தில் சொல்வார். "இது செலவு இல்லம்மா, சேமிப்பு. கேமரா வரும், போகும். லென்ஸ் அப்படியே நிக்கும். தங்கம் மாதிரி. நாளைக்கு உனக்கு ஒரு தேவைன்னா, ஒண்ணை எடுத்து வித்தா முடிஞ்சுது."

அவர் மனைவி தையல்காரி. ஸ்டுடியோவின் உள் அறையில், வாடிக்கையாளர்கள் தலை சீவிக்கொள்வதற்கென்று கண்ணாடி மாட்டியிருந்த அந்தச் சந்தில்தான் அவளுடைய மெஷின். காலை நீட்டினால் சுவர், கையை நீட்டினால் வாடிக்கையாளர். காலரைச் சரிசெய்யப் போன ஒரு வங்கி அதிகாரி, ஸ்டூலில் கிடந்த, ஊசி குத்திவைக்கும் பஞ்சுமெத்தையைப் பார்க்காமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு எடுத்த போட்டோவில் அவர் சிரிக்கவில்லை, அது மட்டும் நிச்சயம்.

மெஷினுக்கு மோட்டார் வாங்கவேண்டிய வருஷம் ஒரு லென்ஸ் வந்தது. ஓரம் அடிக்கிற மெஷின் வாங்கவேண்டிய வருஷம் இன்னொன்று வந்தது. அவள் ஒருமுறையும் முகம் சுளிக்கவில்லை. ஏனென்றால், அந்த வசனத்தை அவள் அப்படியே நம்பியிருந்தாள். ஸ்டுடியோக்காரருக்குப் பயமே அதுதான்.

"மவுண்ட்னா என்னடா?" என்று தம்பியைக் கேட்டாள்.

"லென்ஸைக் கேமராவுல மாட்டற எடம்க்கா. உனக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, காஜா. இவர்கிட்ட இருக்கற பட்டன் எல்லாம் பழசு. புதுச் சட்டையில காஜா பெருசாயிடுச்சு. நிக்காது."

"அப்ப உள்பக்கமா ஒரு துண்டு குடுத்துத் தச்சா நிக்குமே."

"அதேதான்!" என்று ஸ்டுடியோக்காரர் துள்ளிக் குதித்தார். "அதுக்குப் பேருதான் அடாப்டர். ஒரு வளையம், அவ்வளவுதான். மதிப்பெல்லாம் எங்கயும் போகல. கல்லு மாதிரி அப்படியே இருக்கு."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நல்லதாப் போச்சுங்க. பக்கத்துல சாவி போடறவர் கடையைக் காலி பண்றாரு. முன்பணம் குடுத்தா எனக்கே தர்றேன்னு கட்டடக்காரர் சொன்னாரு. இந்த மாசக் கடைசிக்குள்ள முடிவு சொல்லணுமாம். வித்துருங்க."

இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். மைத்துனன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். சிரிப்பை அடக்கியதில் அவன் தோள்கள் குலுங்கின.

மறுநாள் ஸ்டுடியோக்காரர் தன் சொத்து முழுவதையும் தோளில் மாட்டிக்கொண்டு பழைய கேமரா வியாபாரியிடம் போனார். எதை இழந்தாலும் பீரங்கியை மட்டும் குறைத்துக் கொடுப்பதில்லை என்று வழிநெடுக வைராக்கியம் செய்துகொண்டார். பீரங்கி என்பது முழங்கை நீளத்துக்கு ஒரு ஜூம் லென்ஸ். அதை மாட்டிக்கொண்டு அவர் மண்டபத்துக்குள் நுழைந்தால் மாப்பிள்ளையைவிட அவரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

வியாபாரி பீரங்கியைக் கையில்கூட வாங்கவில்லை. தலையால் வாசலைக் காட்டினார். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அங்கே ஒன்று முட்டுக்கொடுக்கப்பட்டிருந்தது. அதுவும் ஒரு பீரங்கி.

"இந்த லென்ஸ் ஃபோகஸ் ஆகணும்னா, கேமரா பாடிக்குள்ள இருக்கற மோட்டார்தான் அதைத் திருப்பணும் அண்ணே. புது பாடியில மோட்டாரே கிடையாது. அடாப்டர் போட்டா மாட்டும், இல்லேங்கல. மாட்டி என்ன பண்றது? சும்மா தொங்கும். உங்களை மாதிரி தினம் ரெண்டு பேர் தூக்கிட்டு வர்றாங்க."

"ஒரு காலத்துல எப்ப வந்தாலும் எடுத்துக்கறேன்னு சொன்னீங்களே?"

"அப்ப வந்திருக்கணும்" என்றார் வியாபாரி, கொஞ்சம்கூட இரக்கமில்லாமல். பிறகு ஸ்டுடியோக்காரரின் முகம் போன போக்கைப் பார்த்து மனசு இளகியிருக்கவேண்டும். "முழுக்க இரும்புல, எல்லாத்தையும் கையாலயே திருப்பற மாதிரி, ரொம்பப் பழசா ஏதாச்சும் இருந்தாப் பாருங்க. வீடியோ எடுக்கறவங்க தேடித் திரியறாங்க. அவங்களுக்கு மவுண்ட் எந்தக் காலத்துதா இருந்தாலும் ஒண்ணும் இல்ல. ஒரு வளையத்தைப் போட்டு மாட்டிக்குவாங்க."

அப்படி ஒன்று இருக்கத்தான் செய்தது. செத்துப்போன ஒரு பழைய கேமராவோடு ஒட்டிக்கொண்டு வந்த குட்டி லென்ஸ். கண்ணாடி மஞ்சள் பூத்து, ஆறிப்போன டீ மாதிரி ஆகிவிட்டது என்று அவர் அதை எப்போதோ தள்ளிவைத்துவிட்டார். துணி வெட்டுவதற்காகக் கத்தரித்துவைத்த காகித அளவுகள் காற்றில் பறக்காமல் இருக்க மனைவி அதை எடுத்து அவற்றின் மேல் வைத்திருந்தாள். ஸ்டுடியோவுக்கு வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு, அந்த இடத்தில் பீரங்கியை நிறுத்தினார்.

"குட்டி எங்கங்க?" என்றாள் அவள்.

"துடைக்கறேன்" என்றார். வியாபாரி கடையில் என்ன நடந்தது என்பதைப் பற்றி மூச்சுவிடவில்லை. "விலை பேசிட்டு இருக்கேன்" என்று பூசி மெழுகினார். பேச்சு என்னவோ அவர் மனசுக்குள்தான் நடந்துகொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் சில லென்ஸ்களின் கண்ணாடியில் ஏதோ ஒரு பொருளைக் கலந்தார்களாம், வருஷம் ஆக ஆக அது மஞ்சளாகுமாம், தினமும் வெயிலில் வைத்தால் வெளுத்துவிடுமாம். இதையெல்லாம் ஒளிந்து ஒளிந்து படித்துத் தெரிந்துகொண்டார். இந்த வயதில் போனை மறைத்துக்கொண்டு படிக்கிறாரே என்று மனைவி ஒருமாதிரி பார்த்தாள். மொட்டைமாடிக்குப் போய், குட்டிக்குக் கீறல் விழக்கூடாதே என்று கொடியில் கிடந்த ஒரு துணியை மடித்து அதன்மேல் வைத்தார். லென்ஸும் வெயிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். காலமெல்லாம் லென்ஸோடு குடித்தனம் நடத்திய இவருக்குப் புகை வந்த பிறகுதான் உறைத்தது. துணியில் கச்சிதமாக ஒரு வட்ட ஓட்டை. அது வாடிக்கையாளர் தைக்கக் கொடுத்த துணி. அதைச் சுருட்டித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செருகிவிட்டு, வெள்ளித்தாள் விரித்துக் காரியத்தைத் தொடர்ந்தார்.

"என்ன சார் காயுது?" என்று அடுத்த மாடியிலிருந்து கேட்டார்கள்.

"லென்ஸ்."

"நனைஞ்சிடுச்சா?"

பதில் சொல்லி மாளாது என்று இறங்கிப் போய்விட்டார். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் ஏறினார், இறங்கினார். நிழல் நகர நகர லென்ஸையும் நகர்த்தினார். உச்சந்தலை கருத்துப்போனது. ஆனால் குட்டியின் கண்ணாடி நாளுக்கு நாள் தெளிந்து, கடைசியில் சுத்தத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. அவருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. சத்தம் போடாமல் அதைக் கொண்டுவந்து காகித அளவுகளின் மேல் பழையபடி வைத்தார்.

அன்றைக்கே மனைவி சொன்னாள். "குட்டியை வாங்க நாளைக்கு ஒருத்தங்க வர்றாங்க. லென்ஸ் எல்லாத்தையும் தம்பி அன்னிக்கே படம் எடுத்து, விக்கறதுக்குப் போன்ல போட்டுட்டான். இது ஒண்ணுக்குத்தான் ஆள் வந்திருக்கு. விலையெல்லாம் நானே பேசிட்டேன், முன்பணத்துக்குச் சரியா வரும். நீங்க தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க."

ஸ்டுடியோக்காரர் வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள் மட்டும் சிரித்துக்கொண்டார். மஞ்சளாக இருந்ததற்கே இந்த விலை என்றால், வெளுத்ததைப் பார்த்தால் அந்த ஆள் காலில் விழுந்து வாங்கிக்கொண்டு போவான் என்று நினைத்தார்.

வந்தது ஆள் இல்லை, ஒரு பெண். பாட்டு வீடியோக்களுக்குக் கேமரா பிடிப்பவள். தோளில் பெரிய பை, கையில் தயாராக ஒரு வளையம். "அக்கா, நீங்கதானே பேசினது?" என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். குட்டியை வளையத்தில் திருகி, வளையத்தைப் புதுக் கேமராவில் மாட்டினாள். எந்தக் காலத்துக் குட்டியோ, எந்தக் காலத்துக் கேமராவோ, சொன்ன சொல் கேட்டு 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. பார்த்தாயா என்பதுபோல் ஸ்டுடியோக்காரர் மனைவியைப் பார்த்தார்.

அந்தப் பெண் கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பினாள். மனைவியின் முகத்துக்குத் திருப்பினாள். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தாள்.

"மஞ்சள் எங்கக்கா?"

"உள்ளதான் இருக்கும். டீ மாதிரி இருக்குமே, நான்தான் சொன்னேனே" என்றாள் மனைவி.

அதற்குமேல் ஸ்டுடியோக்காரரால் அடக்க முடியவில்லை. "எல்லாம் எடுத்தாச்சும்மா! ரெண்டு வாரத்துக்கு மேல, தினம் தினம், மொட்டைமாடியில காயவெச்சு எடுத்தேன். பொட்டு மஞ்சள் இருந்தா என்னைக் கேளுங்க."

அந்தப் பெண் லென்ஸை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

"சார், அந்த மஞ்சளுக்குத்தான் நான் வந்தேன். அதுல எடுத்தா முகமெல்லாம் சாயங்கால வெயில் பட்ட மாதிரி வரும். அப்படியே விட்டுவெச்ச லென்ஸ் கிடைக்கறதே இல்ல. எல்லாரும் வெயில்ல வெச்சு வெளுத்துடறாங்க. வெளுத்தது என்கிட்டயே ரெண்டு இருக்கு."

ஸ்டுடியோக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்க்கவும் துணிவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று முனகினார்.

"சொன்னா நீங்க விக்கவா விடுவீங்க? இப்பேர்ப்பட்ட லென்ஸான்னு கட்டிப்பிடிச்சுட்டு உக்காந்திருப்பீங்க" என்றாள் மனைவி. அது உண்மைதான் என்பதால் அவர் மறுக்கவில்லை. அவள் கண்கள் சுருங்கின. "மாடியிலயா காயவெச்சீங்க? அப்ப அந்தத் துணி?"

"தொட்டிக்குப் பின்னால இருக்கு" என்றார்.

"காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு நான் அந்த அம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்!"

வந்த பெண்ணுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பையை மூடினாள். மூழ்குகிறவர் எதையாவது பிடிக்கத்தானே பார்ப்பார். ஸ்டுடியோக்காரர் குறுக்கே வந்து நின்றார்.

"இருங்க, இருங்க. திரும்ப வரும்! இருட்டுல வெச்சா தானா மஞ்சளாகும். அதையும் படிச்சிருக்கேன்."

"ஆகும் சார். ஒரு இருபது, முப்பது வருஷம் ஆகும்" என்றாள் அவள் மரியாதையாக. மனைவியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள்.

பக்கத்துக் கடையின் பூட்டு ஜன்னல் வழியே தெரிந்தது. கட்டடக்காரரின் கெடு நெருங்கிவிட்டது. ஸ்டுடியோக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பெருமையடித்துப் பெருமையடித்து அவள் காத்திருந்ததையெல்லாம் தானே தின்றுவிட்டோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகைகூட வரும்போல இருந்தது.

"தப்புப் பண்ணிட்டேம்மா. இன்னிக்கு மட்டும் இல்ல. ஒவ்வொண்ணு வாங்கும்போதும்" என்றார்.

மனைவி கழுத்தில் தொங்கிய நாடாவை எடுத்து, முன் அறையின் ஜன்னலோரத்தை அளந்தாள். பிறகு குறுக்கே அளந்தாள். ஸ்டூல் வழியில் இருந்ததால், "கொஞ்சம் எழுந்திருங்க" என்றாள்.

"என்னம்மா பண்றே?"

"மஞ்சள் திரும்ப வரும்னு சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்."

"வரட்டும். வந்ததும் வித்துட்டு நான் பக்கத்துக் கடைக்குப் போயிடறேன். அதுவரைக்கும் இந்த முன் ரூம் எனக்கு. நீங்க உள்ள போய் போட்டோ எடுங்க."

"உள்ளயா? அங்க கையை நீட்டக்கூட எடம் இல்லையே!"

"தெரியும்" என்றாள் அவள்.

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மஞ்சள் வந்து சேரும்போது தனக்கு எண்பது நடந்துகொண்டிருக்கும். வாதாட வாயைத் திறந்தார். அவளுக்குத் தேவை என்று வந்தால் கொடுப்பதாகச் சொன்னது யார் என்பது நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டார். உள்ளே போய் மெஷினின் ஒரு முனையைப் பிடித்தார். மறு முனையை அவள் பிடித்தாள்.

"பாத்து வாங்க, வாசப்படி இருக்கு" என்றாள்.